மாமா குடிக்கவில்லை

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம், மாத்தளையில் நூலும் பொத்தானும் கொக்கியும் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் யட்டவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் மாமாவை வழியில் பொலிஸார் நிறுத்தினார்கள். அவர் இறங்கும்போது கால் தடுமாறியது. பேசும்போது வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பலூனை ஊதச் சொன்னார்கள். ஊதினார். நிறம் மாறவில்லை. பாதையிலுள்ள வெள்ளைக் கோட்டில் நேராக நடக்கச் சொன்னார்கள். அதுதான் அவரால் முடியவில்லை. கடைசியில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பஸ் அவ்வழியாகப் போயிருந்தது. இஷாத் தொழுகைக்கு முன்பே "அந்த டெய்லர் குடிச்சிட்டுப் புடிபட்டாராம்" என்ற கதை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத மனிதர் அவர். அந்தக் கதை அவரை எவ்வளவு வருத்தியது என்பதை நான் எழுதத் தேவையில்லை. சில மாதங்கள் ஜும்ஆவுக்குக்கூட வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்குத்தான் போனார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். சாச்சி உடனே மறுத்தார். "நாளைக்கு உனக்கொரு கலியாணப் பேச்சு வரும். இதெல்லாம் எழுதி வைக்காதே" என்றார். உம்மா இரண்டு நாள் யோசித்தார். பிறகு "மாமாட பெயர போடாம எழுது" என்றார். மாமாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "எழுது மகள். பஸ்ல இருந்து பாத்தவங்களும் வாசிக்கட்டும்" என்றார்.

மாமாவுக்கு இருப்பது மூளியும் முண்ணாணும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் ஒரு பரம்பரை நோய். வைத்தியர்கள் ஸ்பைனோசெரிபெலர் அடாக்சியா என்கிறார்கள். அடாக்சியா என்பது கிரேக்கச் சொல். ஒழுங்கின்மை என்று பொருள். இதில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். மாமாவுக்கு முதலாம் வகை. எல்லா வகைகளையும் சேர்த்தாலும் உலகில் ஒரு இலட்சம் பேரில் ஒருவர் முதல் ஐவர் வரைதான் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். அதனால்தான் ஊரில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. பெயர் தெரியாத இடத்தில் மது, சூனியம், கண்ணூறு ஆகிய மூன்று காரணங்களும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பின்னால் யோசித்துப் பார்த்தால், பொலிஸார் நிறுத்துவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே அடையாளங்கள் தெரிந்திருக்கின்றன. முதலில் பொத்தான் காஜா கோணலாகியது. ஒரு சேர்ட்டைத் தைத்து முடித்து எடுத்துப் பார்த்தால் ஐந்து காஜாக்களும் ஐந்து பக்கம் நின்றன. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றினார். பயனில்லை. அடுத்தது பள்ளிவாசலில். ஸுஜூதிலிருந்து எழும்பும்போது பக்கத்திலிருப்பவரின் தோளில் சாய்ந்துவிடுவார். தராவீஹில் ஸஃப்பின் ஓரத்தில், சுவரோரமாக நிற்கத் தொடங்கினார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறியது. இவற்றை யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஓதிய தண்ணீர் குடித்தார், நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசினார். பொலிஸ் சம்பவத்துக்குப் பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரியில் நரம்பியல் வைத்தியரிடம் போனோம். 'போனோம்' என்று எழுதுவதற்குக் காரணம், மாமி வரமுடியாத நாட்களில் உம்மாவோடு நானும் போயிருக்கிறேன்.

அங்கே ஒரு விசயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. வைத்தியரும் மாமாவிடம் நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரு பாதத்தின் குதிக்கால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி. பிறகு தன் விரலை நீட்டி, "என் விரலைத் தொடுங்கள், உங்கள் மூக்கைத் தொடுங்கள், மாறி மாறி" என்றார். மாமாவின் விரல் இலக்கைத் தாண்டிப் போய் ஆடிவிட்டுத் திரும்பியது. பொலிஸார் வீதியில் செய்ததும் வைத்தியர் அறையில் செய்ததும் ஏறக்குறைய ஒரே பரிசோதனைதான். இரண்டும் மூளியைத்தான் பரிசோதிக்கின்றன. மது உடலுக்குள் போனதும் மூளியின் வேலையைக் குழப்புகிறது; சில மணி நேரத்தில் அது தெளிந்துவிடும. மாமாவின் நோயில் மூளியின் கலங்களே இறந்துகொண்டிருக்கின்றன, அது தெளிவதில்லை. வெளியே தெரியும் நடை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே அந்தப் பொலிஸாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களாவது பலூனை நம்பினார்கள்.

மூளி பற்றி உயர்தர உயிரியலில் நாங்கள் ஓரிரு வரிகளில் படித்துவிடுகிறோம்: 'உடற் சமநிலையைப் பேணும், தசைகளின் இயக்கத்தை இணைக்கும்.' பரீட்சைக்கு அது போதும். உண்மையில் தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே ஒளிந்திருக்கும் இந்தச் சிறிய பகுதி மூளையின் நிறையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையிலுள்ள நரம்புக்கலங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இங்கேதான் இருக்கின்றன. மேசையிலிருக்கும் தேநீர்க் கோப்பையை எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது மூளையம். கை எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தத் தசை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கணத்திலேயே திருத்திக்கொண்டிருப்பது மூளி. அங்கிருந்து வெளியே போகும் செய்தியைக் கட்டுப்படுத்துபவை புர்கின்ஜே கலங்கள். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்ஜே 1837 இல் அவற்றை விவரித்தார். ஒவ்வொன்றும் விசிறி போல் கிளை விரித்த மரமாகத் தெரியும். மாமாவின் நோய் முதலில் தேடிப் பிடிப்பது இந்தக் கலங்களைத்தான்.

அதனால் இது பாரிசவாதம் அல்ல. மாமாவின் கைகளில் பலம் இருக்கிறது. அரிசி மூட்டையைத் தூக்கிவிடுவார். ஊசியில் நூல் கோக்க முடியாது. பலம் இருக்கிறது, அளவு தப்பிப்போகிறது. இது பார்க்கின்சன் நோயும் அல்ல. பார்க்கின்சன் நோயாளியின் கை பெரும்பாலும் சும்மா இருக்கும்போது நடுங்கும். மாமாவின் கை சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும். எதையாவது எடுக்கப்போனால்தான் ஆடும். நினைவாற்றலும் அறிவும் அவருக்கு அப்படியே இருக்கின்றன. துணியைத் தொட்டுப் பார்த்து எத்தனை யார் வேண்டும் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்வார். குழறும் பேச்சைக் கேட்டுவிட்டு, அவருக்குக் காது கேட்காது, விளங்காது என்று நினைத்துச் சத்தமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளி சுருங்கியிருப்பது தெரிந்தது. உடனே பெயர் சொல்லிவிடவில்லை. முதலில் தைரொயிட், விற்றமின் பி12, வேறு பல இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். தள்ளாட்டம் வந்த எல்லோருக்கும் குணமாகாத நோய்தான் என்று இல்லை. பி12 குறைபாட்டால் வரும் தள்ளாட்டத்துக்கு மருந்து இருக்கிறது. உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் இளம் வயதினருக்குக் கை நடுக்கத்தையும் பேச்சுக் குழறலையும் தரும். நேரத்தோடு கண்டுபிடித்தால் அதற்கும் மருந்து உண்டு. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக இரண்டு வருடம் வைத்தியரிடம் போகாமல் இருந்தால், குணமாகக்கூடிய நோயும் குணமாகாத கட்டத்துக்குப் போய்விடும். மாமாவின் விசயத்தில் அந்த இரண்டு வருடம் போனதால் நட்டம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அது எங்கள் கெட்டித்தனம் அல்ல.

கடைசியில் டி.என்.ஏ. பரிசோதனை. இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவில் இரண்டு எண்கள் இருந்தன: 29, 48. இந்த எண்களை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு தவணை முழுவதும் பிடித்தது.

எங்கள் 6 ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரையலகு இருக்கிறது. அடாக்சின்-1 என்ற புரதத்தைச் செய்வதற்கான கட்டளை அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டளையின் ஓரிடத்தில் சி, ஏ, ஜி என்ற மூன்று மூலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோரிடமும் வருகின்றன, அது நோயல்ல. சாதாரணமாக 35 தடவை வரைக்கும் வரும். தொடர்ச்சியாக 39 தடவையோ அதற்கு மேலோ வந்தால்தான் நோய். பரம்பரையலகு ஒவ்வொன்றும் உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று என்று எங்களிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. மாமாவின் ஒரு பிரதியில் 29, மற்றதில் 48.

ஏன் எண்ணிக்கை தவறுகிறது? தஸ்பீஹ் மணியை நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது மணி உள்ள தஸ்பீஹில் முப்பத்து மூன்றுக்கு ஒரு தடவை வேறு வடிவத்தில் ஒரு மணி கோத்திருப்பார்கள். அது விரலில் படும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அது இல்லாவிட்டால் ஒரே மாதிரியான மணிகளில் விரல் வழுக்கி, எண்ணிக்கை கூடிப்போகும். நீளமான சாதாரணப் பிரதிகளிலும் அப்படித்தான். சி-ஏ-ஜி வரிசைக்கு நடுவே சி-ஏ-டி என்று ஒன்றிரண்டு வேறு மணிகள் இருக்கின்றன. நோயுள்ள பிரதியில் அந்த இடை மணிகள் இல்லை. ஆகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பிரதி எடுக்கும்போது வழுக்கல் ஏற்பட்டு வரிசை இன்னும் நீளலாம். தகப்பன் வழியாக வரும்போது நீள்வது அதிகம். வரிசை எவ்வளவு நீளமோ, அவ்வளவு இளம் வயதில் நோய் தொடங்கும்.

இதைப் படித்தபோதுதான் மூத்தவாப்பாவின் ஞாபகம் வந்தது. உம்மாவின் வாப்பா. அவருக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு 'காலில் வாதம்' வந்தது என்று சொல்வார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். மாமாவுக்கு முப்பத்தொன்பதில் தொடங்கியது. இரண்டும் ஒரே நோய் என்று யாரும் நினைத்ததில்லை.

கூடுதலான சி-ஏ-ஜியால் புரதத்தில் குளூற்றமைன் என்ற அமினோ அமிலம் நீண்ட வாலாகச் சேர்கிறது. அந்தப் புரதம் சரியாக மடிவதில்லை, இலகுவில் அழிவதும் இல்லை. புர்கின்ஜே கலத்தின் கருவுக்குள் இருந்துகொண்டு மற்றப் பரம்பரையலகுகளின் வேலையைக் குழப்புகிறது. முப்பது நாற்பது வருடம் தாங்கிய கலம் அதன்பின் தளர்ந்துவிடுகிறது. பிறக்கும்போதே இருக்கும் பிழை, பிள்ளை குட்டிகள் பெற்ற பிறகு வெளியே வருகிறது. இந்நோய் தலைமுறை தாண்டி நிலைப்பதற்கு அதுவே காரணம்.

இந்தப் பரம்பரையலகைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஹுதா ஸொக்பி. பெய்ரூட்டில் பிறந்தவர். அங்கே மருத்துவம் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே லெபனானில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தம்பி ஷெல் துண்டு பட்டுக் காயமடைந்ததும் பெற்றோர் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலத்துக்கு என்றுதான். திரும்பிப் போக முடியவில்லை. அங்கேயே படிப்பை முடித்து, சிறுவர் நரம்பியல் வைத்தியரானார். டெக்சாஸில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளாட்டம் வந்துகொண்டிருந்த ஒரு பெரிய குடும்பத்தின் இரத்த மாதிரிகளை வைத்து அவர் தேடத் தொடங்கினார். மினசோட்டாவில் ஹரி ஓர் என்பவரும் அதையே தேடிக்கொண்டிருந்தார். இருவரும் போட்டி போடாமல் கைகோத்தார்கள். 1993 ஏப்ரல் 8 ஆம் திகதி, ஒரே நாளில், இருவருடைய ஆய்வுகூடங்களிலும் அந்த நீண்ட சி-ஏ-ஜி வரிசை அகப்பட்டது. 2022 இல் கவ்லி பரிசைப் பெற்றவர்களில் இருவரும் இருந்தார்கள். யுத்தத்தால் படிப்புக் குழம்பிய எத்தனையோ பிள்ளைகள் எங்கள் நாட்டிலும் இருந்தார்கள் என்பதை இதைப் படிக்கும்போது நினைக்காமலிருக்க முடியவில்லை.

எல்லா நாட்டிலும் ஒரே வகை அதிகமாக இருப்பதில்லை. உலகளவில் மூன்றாம் வகைதான் கூடுதல். போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளில் அது மிகப் பிரபலம். கியூபாவின் ஒல்கின் மாகாணத்தில் இரண்டாம் வகை. இலங்கையில்? கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், இந்நாட்டில் பரம்பரையாக வரும் தள்ளாட்டங்களில் முதலாம் வகையே முன்னால் நின்றது. 2005 இல் இந்திய நரம்பியல் சஞ்சிகை ஒன்றில், ஒரு தமிழ்ச் சமூகத்துக்குள் இதே முதலாம் வகை மிக அதிகமாக இருப்பதைக் காட்டும் ஆய்வு வெளியாகியிருந்தது. ஆக உலகத்துக்கு அரிய நோய், எங்கள் பக்கத்துக்கு அவ்வளவு அரியதல்ல. சுவரைப் பிடித்து நடக்கும் 'வாதக்காரர்' ஒருவர் உங்கள் குடும்பக் கதையிலும் இருந்தால், அந்தக் கதையை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஊரில் சிலர், "மூத்தவாப்பா மாமி மகளைக் கட்டினதால வந்தது" என்றும் சொன்னார்கள். இது பிழை. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் கூடுவது, தலசீமியா, வில்சன் நோய் போன்ற பின்னிடைவான நோய்கள். அவற்றுக்கு இரு பக்கமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். இது ஆட்சியுள்ள நோய். ஒரு பிரதி போதும். மூத்தவாப்பா யாரைக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு பிள்ளைகள் என்றால் இருவருக்கு வரும் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். ஒருவருக்கு அந்தப் பிரதி வராவிட்டால், அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் மூலம் வராது.

வாசகர்களில் கணக்குப் பிள்ளைகள் இதற்குள் கணக்கைச் செய்திருப்பார்கள். மாமாவின் இரண்டு மகன்மாருக்கும் தலா அரைவாசி. உம்மாவுக்கும் சாச்சிக்கும் தலா அரைவாசி. எனக்குக் கால்வாசி. புன்னற் சதுரத்தை வகுப்பில் எத்தனையோ தடவை பட்டாணிக் கடலைக்காகப் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காகப் போட்ட அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் நோய் அறிகுறி இல்லாத பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை என்பது உலகெங்கும் வைத்தியர்கள் கடைப்பிடிக்கும் முறை. மருந்தில்லாத, வளர்ந்த பிறகு வரும் ஒரு நோயைப் பற்றி, பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோர் முடிவெடுக்கக்கூடாது என்பது காரணம். மச்சான்மார் இருவருக்கும் பதினான்கும் பத்தும்தான். எனக்கு அடுத்த வருடம் பதினெட்டு முடிகிறது. அப்போது நானே போய்க் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. எனக்கு அந்தப் பிரதி இருந்தால், அது உம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். என் இரத்தத்தைப் பரிசோதித்தால் உம்மாவின் முடிவையும் சேர்த்தே வாசித்துவிடுவார்கள். உம்மா தெரிந்துகொள்ள விரும்பவில்லை. "நாற்பத்திரெண்டு வயசாகிட்டு, நான் நல்லாத்தானே நடக்குறேன்" என்கிறார். தெரிந்துகொள்வது ஒருவரின் உரிமை என்றால் தெரியாமலிருப்பதும் உரிமைதான். ஒரே வீட்டில் இந்த இரண்டு உரிமைகளும் மோதும்போது என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நோயை நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. பிழையான புரதம் உருவாவதையே குறைக்கும் முறைகள் எலிகளில் பலன் தந்திருக்கின்றன; மனிதரிடம் வர வேண்டும். அதுவரைக்கும் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் அவற்றின் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாமா தினமும் காலையில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த சமநிலைப் பயிற்சியைச் செய்கிறார். செய்யாத வாரத்தில் விழுகிறார். செய்த வாரத்தில் அவ்வளவு விழுவதில்லை. விழுங்கும்போது தாடையைக் கீழே குனிக்கிறார். தண்ணீரை விடக் கஞ்சி போன்ற தடிப்பான பானம் அவருக்கு இலகு. இது முக்கியம், ஏனென்றால் இந்நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதால்தான் வருகிறது. குளியலறையில் கைபிடி பூட்டியிருக்கிறோம். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். கதிரையில் இருந்து தொழுகிறார், எங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலேயே, முதல் ஸஃப்பின் ஓரத்தில்.

கடை மூடப்படவில்லை. மூத்த மகன் பாடசாலை விட்டு வந்து மெஷினில் உட்காருகிறான். மாமா பக்கத்தில் கதிரையில் இருந்து அளவு சொல்கிறார். காஜா விசயத்தில் இன்னும் கடுமையானவர். கோணலாக இருந்தால் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

போன வாரம் உம்மா தானாகவே பேச்சை எடுத்தார். கொழும்பில் மருத்துவ பீடத்தின் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவில், இரத்தம் எடுப்பதற்கு முன் உட்கார்ந்து பேசுவதற்கென்றே வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். பேசிவிட்டு, பரிசோதிக்காமலே திரும்பி வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "உன்ட ஏ.எல். முடியட்டும். போய்ப் பேசிட்டு வருவோம். பேச மட்டும்தான்" என்றார். சாச்சியும் வருகிறாராம்.

மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, அவ்வளவு தூரம் போவதென்றால் புறக்கோட்டைக்கும் போய் வரும்படியும், அங்கே பொத்தான் மலிவு என்றும், நான்கு துளைப் பொத்தானாகப் பார்த்து வாங்கும்படியும் சொன்னார்.